காசு குறைவான வீட்டில் மலேரியாவைத் தடுக்க எதை முதலில் செய்வது?

மலேரியாவை ஏழைகளின் நோய் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். ஏழ்மை எந்த வழியாக அந்த நோயை வீட்டுக்குள் விடுகிறது என்று பார்த்தால், பல வீடுகளில் அது சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருக்கிற நாலு விரல் சந்துதான். மலேரியாவைப் பரப்பும் பெண் அனாபெலிஸ் கொசு பெரும்பாலும் பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கும். அந்த நேரத்தில் நீங்கள் எங்கே படுத்திருக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். மிக வறிய வீட்டுக் குழந்தைகளுக்கு, அதே பகுதியில் ஓரளவு வசதியாக இருக்கும் வீட்டுக் குழந்தைகளைவிட மலேரியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்கின்றன ஆய்வுகள்.

சரி, கையில் இருப்பது கொஞ்சம் பணம்தான் என்றால் முதலில் மருந்து தோய்த்த கொசுவலை. வீட்டில் எல்லோருக்கும் போதாவிட்டால் கர்ப்பிணியும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் அதற்குள் படுக்கட்டும், அவர்களுக்குத்தான் இந்த நோய் சீக்கிரம் முற்றும். புது வலையை ஒரு நாள் நிழலில் விரித்துப் போட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள், அழுக்கானால் மென்மையான சோப்பில் அலசி நிழலிலேயே காயவையுங்கள், வெயில் அந்த மருந்தைக் கெடுத்துவிடும். ஓட்டை விழுந்தால் அன்றே ஊசி நூல் எடுத்துத் தைத்துவிடுங்கள். ஓரத்தைப் பாயின் அடியில் செருகாத வலை பாதி வலைதான்.

அப்புறம் அந்தி நேரத்தில் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து எங்கெல்லாம் சந்து தெரிகிறது என்று பாருங்கள். கூரையடிச் சந்தையும் ஜன்னலையும் வலைத்துணியால் அடைப்பது நல்லது. மண் பூசி முழுக்க அடைத்துவிட்டால் உள்ளே விறகடுப்பு எரிக்கும் வீட்டில் புகை தங்கி மூச்சு முட்டும், இரவில் புழுக்கம் தாங்காமல் பிள்ளைகள் வெளியே போய்ப் படுப்பார்கள், செய்த வேலை வீணாகிவிடும். அடுப்புப் புகை கொசுவை விரட்டும் என்று நம்பி வலையை விட்டுவிடுவதும் தவறு, அந்தப் புகை உங்கள் நுரையீரலைத்தான் கெடுக்கும்.

வீட்டுச் சுவரில் கொசுமருந்து தெளிக்க வருபவர்களை உள்ளே விடுங்கள், சாமான்களை வெளியே எடுத்து வைக்கும் சிரமம் இருந்தாலும். ரத்தம் குடித்த கொசு கனத்துப்போய்ச் சுவரில் உட்காரும், அந்த மருந்து அங்கேதான் அதைக் கொல்கிறது. கிருமி கொசுவுக்குள் வளர்ந்து மற்றவருக்குப் பரவ ஏறக்குறைய பத்து நாளாவது ஆகும், அதற்குள் அது செத்தால் போதும். தெளித்த சுவரைப் பல மாதங்களுக்குப் பூசவோ வெள்ளையடிக்கவோ வேண்டாம்.

குழாய் இல்லாத வீட்டில் தண்ணீரைச் சேமித்துத்தான் ஆக வேண்டும். சில அனாபெலிஸ் கொசுக்கள் அந்தத் தொட்டியிலேயே முட்டையிடும் என்பதால் இறுக்கமாக மூடி, வாரத்துக்கு ஒருமுறை காலிசெய்து தேய்த்துக் கழுவுங்கள்.

காய்ச்சல் வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று நாளைக்குத் தள்ளுவது எவ்வளவு இயல்பானது என்று எனக்குத் தெரியும், ஆனால் மலேரியாவில் ஃபால்சிபாரம் என்ற வகை 24 மணி நேரத்துக்குள் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ரத்தப் பரிசோதனை கேளுங்கள், விரைவுப் பரிசோதனையில் அரை மணிக்குள் முடிவு தெரிந்துவிடும், பல நாடுகளில் அரசு சுகாதார நிலையங்களில் இது இலவசம். காய்ச்சல் இறங்கியதும் மாத்திரையை நிறுத்தி மீதியை அடுத்த முறைக்கு எடுத்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அப்படி நிறுத்தினால், வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா வகை கல்லீரலில் ஒளிந்திருந்து வாரங்கள், மாதங்கள் கழித்துத் திரும்ப வரலாம், மறுபடி கூலி போகும். கொடுத்த நாள் கணக்கு முழுக்க விழுங்குங்கள்.

வேலைக்காக வயலிலோ காட்டிலோ இரவு தங்குபவர் வீட்டில் இருந்தால் அவருக்கென்று ஒரு வலையை மடித்துக் கொடுத்தனுப்புங்கள். திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால், மருத்துவர் கேட்கும் முன்பே எங்கே தங்கியிருந்தார் என்று சொல்லிவிடுங்கள்.