வீட்டுத் தென்னைக்கு வரும் வண்டைத் தெருவோடு சேர்ந்து ஒழிப்பது எப்படி?

தென்னையின் புதிய ஓலை விரியும்போது கத்தரிக்கோலால் விசிறி வடிவில் நறுக்கியதுபோலத் தோன்றினால், காண்டாமிருக வண்டு அந்த மரத்துக்கு வந்து சென்றிருக்கிறது என்று பொருள். ஆனால் அந்த வெட்டு, குருத்து விரிவதற்கு முன்பே விழுந்த பழைய காயம். அது நம் கண்ணில் படும் நாளில் வண்டு அடுத்த வீட்டு மரத்துக்குப் போயிருக்கக்கூடும். எனவே ஓலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் புதிய துளையும், அதன் வாயில் மென்று தள்ளிய நார்ச்சக்கையும் இருக்கின்றனவா என்று மரம் ஏறுபவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

துளை புதிதாக இருந்தால், முனை வளைந்த கம்பியை உள்ளே விட்டு வண்டைக் குத்தி எடுத்துவிடலாம். பிறகு, ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளுடன் இரு பங்கு மணலைக் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம், உட்புறத்து மூன்று மட்டைகளின் இடுக்குகளில் இட வேண்டும். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் நீரில் ஊறவைத்து மண்பானைகளில் ஊற்றி வைத்தால், அந்த வாடைக்கு வரும் வண்டுகள் அதில் விழும். அவற்றை அவ்வப்போது பொறுக்கி அழிக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் வண்டு குறையவில்லை என்று பலர் வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். வண்டு மரத்துக்கு வருவது தின்பதற்குத்தான். அது முட்டையிட்டுப் பெருகுவது எருக்குழியிலும், மக்கும் குப்பையிலும், வெட்டிப்போட்ட தென்னந்துண்டிலும். அதன் புழு அங்கே சில மாதங்கள் வளர்கிறது. ஒரு வீட்டார் தம் மரத்தை எவ்வளவு பேணினாலும், நான்கு வீடு தள்ளி ஒரு குப்பைமேடு கிளறப்படாமல் கிடந்தால் வண்டு வந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே முதலில் செய்ய வேண்டிய வேலை, தெருவார் ஒன்றுகூடி இத்தகைய இடங்கள் எங்கெங்கே உள்ளன என்று கணக்கெடுப்பதே. எருவைக் கிளறி, வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடலாம். உடனே அள்ள முடியாத எருக்குழியில், பச்சை மஸ்கார்டைன் எனப்படும் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலந்து ஈரம் காயாமல் வைத்திருந்தால், அது புழுக்களுக்கு நோயை உண்டாக்கிக் கொல்லும். இவற்றை மழைக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. முதல் மழைக்குப் பின் வெளிவரும் வண்டுகளை இரவில் விளக்குப் பொறி வைத்துப் பிடிக்கலாம்.

காண்டாமிருக வண்டு மட்டும் வளர்ந்த மரத்தைச் சாய்ப்பது அரிது. அது போட்ட துளையைத் தேடி வருகிற சிவப்புக் கூன்வண்டுதான் மரத்தைக் கொல்கிறது. காயத்தில் இட்ட முட்டையிலிருந்து வரும் புழு தண்டின் உள்ளேயே இருந்து குடைவதால், கொண்டை வாடும்வரை வெளியே எதுவும் தெரியாமல் போவதுண்டு; தண்டில் துளையும், அதிலிருந்து வடியும் பழுப்பு நிறச் சாறும், காதை வைத்தால் கேட்கும் கறகறவென்ற ஒலியும் அதற்கு முன்னே கிடைக்கும் அடையாளங்கள். இவற்றைக் கண்டவுடன் அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுக வேண்டும். இளநீரும் தேங்காயும் பறிக்கும் வீட்டு மரத்தில் கைக்குக் கிடைத்த மருந்தை ஊற்றக் கூடாது. மரம் ஏறுவதற்காகத் தண்டில் படி வெட்டுவதையும் அறவே நிறுத்த வேண்டும். மின்கம்பிக்காகப் பச்சை மட்டையைக் கழிக்க நேர்ந்தால், தண்டை ஒட்டி வெட்டாமல் 120 சென்டிமீட்டர் விட்டே வெட்ட வேண்டும்.

கூன்வண்டால் மடிந்த மரத்தை வெட்டியபின் தெருவோரத்தில் போட்டுவிடுவதுதான் பெரிய தவறு. அந்த மரம் மக்கத் தொடங்கியதும் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். தண்டைப் பிளந்து உள்ளிருக்கும் புழுக்களையும் கூடுகளையும் அழித்து, அடிக்கட்டையையும் தோண்டி எடுத்த பிறகே அந்த இடத்தில் புதிய கன்றை நட வேண்டும்.