சாமந்தி எண்ணுவது பகலை அல்ல

ஓசூர் பக்கம் ராத்திரி பஸ்ஸில் போனால் சில சாமந்தித் தோட்டங்களில் வரிசையாக பல்பு எரிவதைப் பார்க்கலாம். திருவிழா எதுவும் இல்லை, செடி இப்போதே மொட்டு விடாமல் இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று விவசாயி போட்ட விளக்கு அது. "பகலை நீட்டுகிறார்கள்" என்று பலரும் சொல்வார்கள். முதல் தவறே அதுதான்.

பகலை நீட்டவே வேண்டாம், இருட்டை நடுவில் உடைத்தால் போதும். 1938-ல் ஹாம்னர், பானர் என்ற இரு தாவர ஆய்வாளர்கள் மருளூமத்தைச் செடியை வைத்துச் சோதித்தார்கள். நீண்ட இரவின் நடுவில் ஒரு நிமிடம் வெளிச்சம் காட்டினாலே பூ வரவில்லை. பகலின் நடுவில் இருட்டாக்கினால் செடி கண்டுகொள்ளவே இல்லை. ஆக, 'குறும்பகல் தாவரம்' என்று நாம் படிப்பது உண்மையில் நீண்ட இரவு கேட்கும் தாவரம்.

அடுத்த தவறு, குறும்பகல் என்றால் 12 மணி நேரத்துக்குக் கீழே என்று நினைப்பது. அதே மருளூமத்தை பதினைந்தரை மணி நேரப் பகலுக்குள் இருந்தால் பூத்துவிடும், ஆனாலும் அது குறும்பகல் தாவரம்தான். ஒவ்வொரு செடிக்கும் தனி எல்லை. அதற்குக் கீழே பூக்கிறதா மேலே பூக்கிறதா என்பதுதான் கேள்வி. தக்காளி போன்றவை இந்தக் கணக்கிலேயே சேராது.

"நம்ம ஊரில் பகல் நீளம் எங்கே மாறுகிறது" என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. தஞ்சாவூரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான், சரி. ஆனால் எப்போது பூப்பது என்று முடிவு செய்ய, பழைய சம்பா நெல் ரகங்கள் பலவற்றுக்கு அதுவே போதும்; பட்டம் தவறி விதைத்தவர்களைக் கேட்டால் தெரியும்.

செடிக்குள் என்ன நடக்கிறது என்பதில்தான் குழப்பம் அதிகம். வெளிச்சத்தை உணரும் பைட்டோகுரோம் என்ற நிறமி இருட்டில் மெல்ல மாறி மணல் கடிகாரம் மாதிரி இரவை அளக்கிறது என்று எழுதினால் பாதிதான் சரி, ஏனென்றால் அந்த மாற்றம் பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடுகிறது. அளப்பதில் பெரிய பங்கு செடியின் உயிர்க்கடிகாரத்துக்கு. ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கும் சிறு செடியான, நீள்பகல் தாவரமான அராபிடாப்சிஸில் கான்ஸ்டன்ஸ் என்ற புரதத்தைச் சாயங்காலம் வாக்கில் தயாராக்குவது அந்தக் கடிகாரம். அப்போது வெளிச்சம் இருந்தால் புரதம் நிலைக்கும், இருட்டிவிட்டால் சிதைந்துவிடும். நிலைத்தால் இலையில் எஃப்டி (FT) என்ற மரபணு விழித்துக்கொள்கிறது.

பூப்பது நுனியில் என்பதால் நாள் பார்ப்பதும் நுனி என்று நினைத்துவிடாதீர்கள், பார்ப்பது இலை. 1930-களில் சோவியத் தாவரவியலாளர் சைலாகியான் சாமந்தியின் மேல்பகுதியில் இலைகளைக் கிள்ளிவிட்டு, கீழ் இலைகளுக்கு மட்டும் குறும்பகல் கொடுத்தபோது இலையில்லாத மேல்பகுதி பூத்தது. இலையிலிருந்து ஏதோ போகிறது என்று அதற்கு ஃபுளோரிஜென் எனப் பெயர் வைத்தார். இன்றும் சிலர் அதை அடையாளம் தெரியாத ஹார்மோன் என்றே எழுதுகிறார்கள். அது எஃப்டி மரபணு உருவாக்கும் புரதம், உணவு கடத்தும் ஃபுளோயம் திசு வழியாக நுனிக்குப் போய் அங்கிருக்கும் இன்னொரு புரதத்தோடு கூட்டுச் சேர்ந்து பூ மரபணுக்களை முடுக்குகிறது என்று 2007-லேயே தெளிவாகிவிட்டது.

இந்தக் கதையை அப்படியே எல்லாச் செடிக்கும் ஒட்டிவிடக் கூடாது. நெல்லில் கான்ஸ்டன்ஸின் உறவுக்காரப் புரதம் நீண்ட பகலில் பூப்பதைத் தடுக்கிறது. சாமந்தி வகையில் இன்னும் சுவாரசியம், நடுராத்திரி வெளிச்சம் பட்டால் இலை 'பூக்காதே' என்று சொல்லும் எதிர்ப் புரதம் ஒன்றைத் தயாரித்து நுனிக்கு அனுப்புகிறது. தோட்டத்து பல்பின் வேலை அதுதான்.

இதெல்லாம் தெரிந்தும் எங்கள் மாடியில் ஒரு சாமந்தித் தொட்டி மார்கழி வரை மொட்டே விடாமல் நிற்க, நான் உரத்துக்கு மேல் உரம் போட்டுக்கொண்டிருந்தேன். தெருவிளக்கு நேராக அதன் மேல் விழுகிறது என்று அம்மாதான் சொன்னார். தொட்டியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நகர்த்திவைத்தேன், ஒரு மாதத்துக்குள் மொட்டு.