மெய்நிகர் கணினி பேக்கப்: கிரானில் போடும் முன்

மெய்நிகர் கணினிகளின் (ஒரு கணினிக்குள் மென்பொருளால் ஓடும் தனிக் கணினிகள்) பேக்கப்பை ஷெல் ஸ்கிரிப்டாக (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) எழுதி, கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் லினக்ஸ் வசதி) '0 2 * * *' என்று குறித்துவிட்டால் தினமும் இரவு 2 மணிக்குத் தானாக ஓடும். மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸில் இதற்கு 'விஇசட்டம்ப்' (vzdump) கட்டளை இருக்கிறது. ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்து நிலையைப் பிடிக்கும்) முறையில், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரதி எடுத்துவிடும். இதேபோன்ற இன்னொரு மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸில் ஏற்றுமதி செய்வதானால் முதலில் கணினியை அணைக்க வேண்டும்.

கையால் ஓட்டினால் வேலை செய்யும் ஸ்கிரிப்ட் கிரானில் மட்டும் படுத்துக்கொள்ளும். காரணம் பெரும்பாலும் இரண்டுதான். கட்டளைகளைத் தேட கிரானுக்குத் தெரிந்த பாதைகள் (ஃபோல்டர்கள்) மிகக் குறைவு, அதனால் கட்டளைகளின் முழுப் பாதையையும் கொடுங்கள். இன்னொன்று % குறி. கிரான் வரியில் அது வந்தால் அங்கேயே வரி முடிந்ததாக எடுத்துக்கொள்ளும் (எரிச்சலூட்டும் பழைய வழக்கம்). தேதி போடும் பகுதியை ஸ்கிரிப்டுக்குள் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

கோப்புப் பெயரில் ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசை இருந்தால் பட்டியல் தானாகவே காலவரிசையில் நிற்கும். ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் ஒரு ஃபோல்டர் போதும்.

பழையதை அழிப்பதில்தான் கவனம் வேண்டும். 14 நாளுக்கு மேற்பட்டவற்றை அழிக்கும் கட்டளையைத் தனியாக ஓடவிடாதீர்கள். பேக்கப் கட்டளைக்குப் பின் && போட்டு இணையுங்கள்; முன்னது வெற்றி பெற்றால்தான் பின்னது ஓடும். இல்லாவிட்டால் பேக்கப் தோற்றுக்கொண்டே இருக்கும்போதும் அழிப்பு மட்டும் ஒழுங்காக நடந்து, ஒருநாள் ஃபோல்டரே காலியாகிவிடும்.

அவ்வப்போது ஒரு பிரதியை மீட்டுப் பாருங்கள். வேறு மெய்நிகர் கணினி எண்ணில் மீட்டு, நெட்வொர்க்கைத் துண்டித்த பிறகே இயக்குங்கள். ஒரே ஐபி முகவரியில் இரண்டு கணினிகள் மோதிக்கொள்ளக் கூடாது.