சறுக்கும் கார் படம் போட்ட பொத்தானை எப்போது அமுக்கலாம்?

வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்‌ஷன் கண்ட்ரோல், ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் ஆகியவற்றை ஆஃப் செய்கிற பொத்தான் இது. குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு டீக்கடையில் மூன்று டிரைவர்கள் உட்கார்ந்தால் இந்தப் பொத்தானைப் பற்றி மூன்று கருத்து வரும். அம்பாசிடரில் பழகிய அண்ணாச்சி, "கண்ட்ரோல் நம்ம கால்ல இருக்கணும், பொத்தான்ல இல்ல" என்பார். ரப்பர் தோட்டத்துக்கு வண்டி ஓட்டுகிறவர், "அத ஆஃப் பண்ணாட்டி சேத்துல ஏறாது மக்கா" என்பார். புதுக் கார் வாங்கிய பையனுக்கோ அதைத் தொடவே பயம். தோட்டக்காரர் பேசுவது சேற்றைப் பற்றி, பையன் பயப்படுவது தார் ரோட்டை நினைத்து. இரண்டுக்கும் விடை வேறு.

முதலில், உங்கள் வண்டியில் இது இருக்கிறதா?

சாவியை ஆன் செய்ததும் மீட்டரில் விளக்குகள் எரியும். காருக்குப் பின்னால் நெளிந்த இரண்டு கோடு போட்ட படம் எரிந்து அணைந்தால், இருக்கிறது. ஹூண்டாயில் இ.எஸ்.சி, மாருதியில் இ.எஸ்.பி, டொயோட்டாவில் வி.எஸ்.சி, ஹோண்டாவில் வி.எஸ்.ஏ என்று பெயர்தான் மாறும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ் இருப்பதால் இதுவும் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

அடுத்து, எது எந்த வேலை செய்கிறது?

ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது சக்கரம் வெறுமனே சுற்றினால் இன்ஜின் சக்தியைக் குறைப்பதும், அந்தச் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிப்பதும் டிராக்‌ஷன் கண்ட்ரோல். நீங்கள் ஸ்டீயரிங் திருப்பிய பக்கம் ஒன்று, வண்டி போகிற பக்கம் வேறொன்று என்றால், ஏதாவது ஒரு சக்கரத்தைப் பிடித்து வண்டியை நேராக்குவது ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல். நாம் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் பெடல் ஒன்றுதானே! அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். டீயை ஊதிக்கொண்டே இருந்தார்.

மணலில் மாட்டினால்

சொத்தவிளை கடற்கரையில் தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் நானே மாட்டியிருக்கிறேன். முதலில் பொத்தானைத் தொடாமல் மெதுவாக மிதித்துப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால், சில வண்டிகள் அதைப் பிடித்து மற்றதற்குச் சக்தியைத் திருப்பி வெளியே வந்துவிடும். மிதிக்க மிதிக்க இன்ஜின் அமுங்கினால் மட்டும் ஆஃப் செய்யுங்கள். பல வண்டிகளில் ஒரு தட்டு தட்டினால் டிராக்‌ஷன் மட்டும் போகும். சில நொடி அமுக்கிப் பிடித்தால் ஸ்டெபிலிட்டியும் போய்விடும். தட்டினால் போதும். ஸ்டீயரிங்கை நேராக்கி, இரண்டாவது கியரில் கிளச்சை மெல்ல விடுங்கள். சக்கரம் குழி தோண்டத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். இன்னும் மிதித்தால் வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிடும். முன்சக்கரத்து மணலைத் தள்ளிவிட்டு தென்னை மட்டை இரண்டைச் செருகினால் ஏறிவிடும். நம்ம ஊரில் மட்டைக்கா பஞ்சம்?

தார் ரோட்டுக்கு வந்ததும் பொத்தானை மறுபடி ஆன் செய்யுங்கள்.

மழையில்

ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று நமக்கு இரண்டு பருவம். பேச்சிப்பாறை ரோட்டில் நனைந்த ரப்பர் இலை ஒட்டிக் கிடக்கும் வளைவில் அந்தச் சறுக்கும் கார் விளக்கு மினுக்கினால் அது பழுதல்ல, வேலை நடக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டு, போக வேண்டிய பக்கம் பார்த்துத் திருப்புங்கள். ஆனால் மொட்டை டயரை இது காப்பாற்றாது. டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றுங்கள்.

விளக்கு அணையாமல் நின்றால்

பொத்தானை யாராவது அமுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். பேட்டரி கழற்றி மாட்டிய பிறகு எரிந்தால், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிக் கொஞ்ச தூரம் ஓட்டினால் பல வண்டிகளில் அணைந்துவிடும். அணையவில்லையா, ஸ்கேனர் இருக்கும் வொர்க்‌ஷாப்புக்கு விடுங்கள். ஏ.பி.எஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் பிரேக் பிடிக்கும், ஆனால் சக்கரம் பூட்டிச் சறுக்கலாம். அதனால் மெதுவாகவே போங்கள்.