கேரியர் ஏபிஐ சாவிகள் காலாவதியாகும் முன்பே புதுப்பிப்பது எப்படி

ஒரு சனிக்கிழமை காலை 6.40க்குக் கிடங்குப் பொறுப்பாளர் போன் செய்தார். "தம்பி, பிரிண்டர்ல லேபிளே வரலை. ரோல் மாத்திட்டோம், கேபிளைக் கழட்டி மாட்டிட்டோம், ரெண்டு தடவை ஆஃப் பண்ணிப் பார்த்தாச்சு." பிரிண்டர் பாவம், அதன் மேல் குற்றமே இல்லை. லாகைத் (நிரலின் பதிவேடு) திறந்தால் நள்ளிரவு 12 மணியிலிருந்து வரிசையாக 401, அதாவது 'நீ யாரென்று தெரியவில்லை' என்ற மறுப்பு. ஒரு கேரியரின் (பார்சலைக் கொண்டுசேர்க்கும் நிறுவனம்) ஏபிஐக்கு, அதாவது எங்கள் நிரல் அவர்கள் கணினியோடு பேசும் வழிக்கு, வாங்கியிருந்த க்ளையன்ட் சீக்ரெட் என்ற ரகசியச் சாவி காலாவதியாகியிருந்தது.

அந்தக் கேரியர் முன்கூட்டியே மூன்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. மூன்றும் எட்டு மாதத்துக்கு முன்பே வேலையை விட்டுப் போன ஒருவரின் முகவரிக்கு. சரி, கேரியரின் போர்ட்டலில் (கணக்கு வலைத்தளம்) நுழைந்து புதுச் சாவி எடுக்கலாம் என்றால் ஓடிபி அவருடைய போனுக்குப் போகிறது. அவரைத் தேடிப் பிடித்து, எண்ணைக் கேட்டு வாங்கி, லேபிள் வெளியே வர மதியம் ஒரு மணி ஆனது. புதுச் சாவியை உருவாக்க ஆன நேரம் நான்கு நிமிடம். மீதி ஆறு மணி நேரமும் 'யாரிடம் கேட்பது' என்பதிலேயே போனது.

அதனால்தான் இந்த வழிகாட்டியில் நிரலைவிட ஆட்களையும் தேதிகளையும் பற்றி அதிகம் பேசப்போகிறேன்.

எது எப்போது காலாவதியாகும்?

எல்லாவற்றையும் 'டோக்கன்' என்று சொல்லிவிடும் பழக்கம் இருக்கிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. டோக்கன் என்பது ஒவ்வொரு அழைப்போடும் காட்டும் அனுமதிச் சீட்டு, குறுகிய ஆயுள் கொண்டது. ஃபெடெக்ஸ் தரும் அணுகல் டோக்கன் ஒரு மணி நேரம் செல்லும், யூபிஎஸ் டோக்கன் ஏறக்குறைய நான்கு மணி நேரம், யூஎஸ்பிஎஸ் டோக்கன் எட்டு மணி நேரம். இதைப் புதுப்பிப்பது நிரலின் வேலை, மனிதர் தலையிடவே கூடாது. அந்த டோக்கனை வாங்கித் தருகிற க்ளையன்ட் ஐடியும் சீக்ரெட்டும் வேறு ரகம். அவை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும், சிலவற்றுக்கு ஆயுள் வரம்பே இருக்காது. இவற்றைப் புதுப்பிக்க ஒரு மனிதர் போர்ட்டலில் நுழைந்தாக வேண்டும்.

அப்புறம் கண்ணில் படாதவை. பயனர் பெயர், கடவுச்சொல் முறையில் இயங்கும் கேரியர்களில் போர்ட்டல் கடவுச்சொல்லே ஏபிஐ கடவுச்சொல்லாகவும் இருப்பதுண்டு. கணக்குப் பிரிவில் யாரோ இன்வாய்ஸ் பார்க்கப் போய், 'கடவுச்சொல்லை மாற்றவும்' என்று திரை சொன்னதால் மாற்றிவிட்டால், கிடங்கில் லேபிள் நின்றுவிடும். க்ளையன்ட் சான்றிதழ் (உங்கள் சர்வர் யாரென்று காட்டும் டிஜிட்டல் அடையாளம்) கேட்கும் கேரியருக்கு அந்தச் சான்றிதழின் தேதியும் கணக்கில் வரும். கேரியரின் சர்வர் சான்றிதழை உங்கள் நிரலுக்குள் பதித்துவைத்திருந்தால் அதையும் சீக்கிரம் எடுத்துவிடுங்கள். சான்றிதழ் வழங்குவோரும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ பிரவுசர் ஃபோரம் 2025-இல் எடுத்த முடிவின்படி, பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் வெறும் 47 நாள். பதித்துவைத்தவர்கள் அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, சாவி அப்படியே இருக்க, பூட்டையே மாற்றிவிடுவது. யூபிஎஸ் தன் பழைய அக்சஸ் கீ முறையைக் கைவிட்டபோது, 2023 ஜூன் 5 முதல் புதிய கீ தருவதை நிறுத்தியது. 2024 ஜூன் 3 முதல் ஓஆத் (மேலே சொன்ன ஐடி, சீக்ரெட், டோக்கன் முறை) மட்டும்தான் என்றது. கீயில் எந்தக் காலாவதித் தேதியும் எழுதியிருக்கவில்லை. இத்தகைய அறிவிப்புத் தேதிகளும் உங்கள் பட்டியலில் ஒரு வரியாக ஏறவேண்டும்.

பட்டியல் போடுங்கள்

எங்களிடம் ஒன்பது சாவி இருப்பதாக நினைத்துக்கொண்டு எண்ண உட்கார்ந்தேன். முடிக்கும்போது இருபத்து மூன்று. ரிட்டர்ன் பக்கத்தில் ஒன்று, மாதக் கடைசியில் மட்டும் ஓடும் இன்வாய்ஸ் சரிபார்ப்பு ஸ்க்ரிப்டில் ஒன்று, கடையின் பழைய ப்ளகினில் ஒன்று, பேக்கிங் மேசைக் கணினியில் யாரோ நிறுவிய மென்பொருளில் ஒன்று. தேடும்போது கேரியர் போர்ட்டல் பக்கத்திலிருந்தும் உங்கள் சர்வர் பக்கத்திலிருந்தும் தனித்தனியாகத் தேடுங்கள். இரண்டும் ஒத்துவராத இடத்தில்தான் மறந்துபோன சாவி கிடக்கும்.

ஒவ்வொரு வரியிலும் நான் எழுதுவது: கேரியர், சான்ட்பாக்ஸா (சோதனைச் சூழல்) ப்ரொடக்‌ஷனா (உண்மையான வேலைச் சூழல்), எந்தக் கணக்கு எண்ணோடு இணைந்தது, எந்தெந்த நிரல் இதைப் பயன்படுத்துகிறது, வாங்கிய தேதி, முடியும் தேதி, எந்த வால்ட்டில் (ரகசியங்களைப் பூட்டிவைக்கும் மென்பொருள்) இருக்கிறது, பொறுப்பாளர் யார், அவர் விடுப்பில் இருந்தால் யார். சாவியை மட்டும் எழுதவே மாட்டேன். அதற்குப் பதில் சாவியின் எஸ்எச்ஏ-256 ஹாஷில் (சாவியிலிருந்து கணக்கிடும், ஆனால் சாவியைத் திரும்பப் பெற முடியாத குறியீடு) முதல் எட்டு எழுத்து. எங்கள் குழுவில் இதற்குக் 'கைரேகை' என்று பெயர். எந்த சர்வரில் பழைய சாவி, எதில் புதியது என்று ரகசியத்தைக் காட்டாமலே ஒப்பிட இது போதும்.

முடியும் தேதி இல்லாத சாவிக்கு நானே ஒரு தேதி வைத்துவிடுவேன், வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடம். காலியாக விட்ட கட்டத்தை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

போர்ட்டல் கணக்கின் மின்னஞ்சல் தனி ஆளுடையதாக இருக்கக் கூடாது. குழுவின் பொது முகவரியாக மாற்றுங்கள். ஓடிபியும் ஒருவர் போனுக்குப் போகாமல், முடிந்த இடத்தில் ஆதென்டிகேட்டர் (ஓடிபியைச் செயலியே உருவாக்கும்) முறைக்கு மாற்றி, அதன் மூலக் குறியீட்டைக் குழு வால்ட்டில் வையுங்கள். இந்தப் பத்தியில் உள்ளதை மட்டும் செய்திருந்தால் அந்தச் சனிக்கிழமை நான் ஏழு மணிக்கே திரும்பித் தூங்கியிருப்பேன்.

கண்காணிப்பு

தேதியைப் பார்ப்பது ஒன்று, சாவி இப்போது வேலை செய்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று. இரண்டும் வேண்டும். தேதிக்கு, பட்டியலைத் தினமும் படிக்கும் ஒரு சின்ன க்ரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் நிரல்) போதும். 30 நாள் இருக்கும்போது பொறுப்பாளர் பெயரில் ஒரு டிக்கெட் திறக்கும். 14 நாளில் மாற்று ஆளுக்கும் போகும். 7 நாளில் அன்று பணிமுறையில் இருப்பவரின் போன் அடிக்கும். வெறும் மின்னஞ்சலாக அனுப்பாதீர்கள், படிக்காமலே 'படித்தது' ஆகிவிடும்.

நேரடிச் சோதனைக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை ப்ரொடக்‌ஷன் சாவியால் ஒரு சாதுவான அழைப்பு: ஒரே பார்சலுக்கு விலை கேட்பது, அல்லது ஒரு முகவரியைச் சரிபார்ப்பது. ஒவ்வொரு முறையும் புது டோக்கன் வாங்காதீர்கள், வரம்பைத் தாண்டி 429 வரும். டோக்கன் வாங்கும் சோதனை தனியாக, சில மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். சான்ட்பாக்ஸில் பச்சை விளக்கு எரிந்தால் ப்ரொடக்‌ஷன் சாவியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. விலை கேட்க அனுமதி இருந்து லேபிள் போட அனுமதி போயிருக்கவும் கூடும். லேபிளைப் போட்டுச் செலவில்லாமல் ரத்துசெய்ய விடும் கேரியரில் தினம் ஒருமுறை அதையும் செய்து பாருங்கள்.

பிழைகளைப் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். டோக்கன் கேட்கும் இடத்திலேயே 'இன்வேலிட் க்ளையன்ட்' என்று வந்தால் சீக்ரெட்டில் கோளாறு, மனிதரை எழுப்ப வேண்டும். கையிலுள்ள டோக்கனோடு போன அழைப்புக்கு 401 வந்தால், புது டோக்கன் வாங்கி ஒரே ஒரு முறை மறுபடி முயலுங்கள். அதற்கு மேல் வேண்டாம். விடாமல் முட்டினால் சில இடங்களில் கணக்கையே பூட்டிவிடுவார்கள். 403 என்றால் அனுமதியோ கணக்கு எண்ணோ மாறியிருக்கிறது. 500க்கு மேல் எது வந்தாலும் அவர்கள் பக்கத்துச் சிக்கல். பழைய எக்ஸ்எம்எல் ரக ஏபிஐகளில் 200 (எல்லாம் சரி) என்று சொல்லிவிட்டு உள்ளே பிழையை வைத்திருப்பார்கள், உள்ளடக்கத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

லேபிள் நின்றால் பத்து நிமிடத்தில் யாராவது கத்துவார்கள். செக்அவுட்டில் விலை கேட்பது நின்றால் ஒருவரும் கத்த மாட்டார்கள், ஏனென்றால் அங்கே நாமே ஒரு மாற்று ஏற்பாடு செய்து வைத்திருப்போம்: கேரியர் பதில் சொல்லாவிட்டால் ஒரு நிலையான கட்டணம். எங்களிடம் ஒருமுறை 401 வந்ததை அந்த ஏற்பாடு அமைதியாக விழுங்கிவிட்டது. பதினோரு மணி நேரம், ஒரு உறைக்கும் ஒரு அலமாரிக்கும் ஒரே கட்டணம். கண்டுபிடித்தது கண்காணிப்பு இல்லை, 'இவ்வளவு மலிவா?' என்று கேட்ட ஒரு வாடிக்கையாளர். மாற்றுக் கட்டணம் எத்தனை முறை பயன்பட்டது என்று எண்ணி, வழக்கத்தைவிட ஏறினால் அலர்ட் அடிக்க வையுங்கள்.

டோக்கனைத் தானாகப் புதுப்பிக்கும் நிரலில் இரண்டே விஷயம். பதிலோடு வரும் ஆயுளை, கோரிக்கை அனுப்பிய நேரத்திலிருந்து எண்ணி, ஐந்து நிமிடம் முன்பே புதியதை வாங்கிவிடுங்கள். வாங்கும் வேலையை ஒரு ப்ராசஸ் மட்டும் செய்யட்டும், மற்றவை காத்திருக்கட்டும். ரெடிஸில் (எல்லா ப்ராசஸும் பகிரும் வேகமான சேமிப்பகம்) ஒரு பூட்டு வைத்தால் போதும். இல்லாவிட்டால் நாற்பது வொர்க்கர்களும் (பின்னணியில் ஓடும் ப்ராசஸ்கள்) ஒரே நொடியில் கதவைத் தட்டும்.

புதுப்பிக்கும் நாள்

போர்ட்டல் இரண்டு சீக்ரெட்டை ஒரே நேரத்தில் வைத்திருக்க விட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. புதியதை உருவாக்கி, ஓடும் நிரல்களையெல்லாம் அதற்கு மாற்றி, பழையதை யாரும் தொடவில்லை என்று தெரிந்த பிறகு அழிக்கலாம். அழிக்க அவசரப்படாதீர்கள். அந்த மாதக் கடைசி இன்வாய்ஸ் ஸ்க்ரிப்ட் நினைவிருக்கிறதா? காலக்கெடு இடம் கொடுத்தால் அது ஒருமுறை ஓடும் வரை பழைய சாவியை நான் விட்டுவைப்பேன். சாவி கசிந்ததாகச் சந்தேகம் வந்தால் மட்டும் இந்தப் பொறுமை கிடையாது, உடனே அழிக்க வேண்டும்.

புதியதை எடுத்த நொடியே பழையது செத்துப்போகும் போர்ட்டலும் உண்டு. அங்கே, முடிந்தால் இரண்டாவது ப்ராஜெக்ட் ஒன்றை உருவாக்கி, அதே கணக்கு எண்ணை இணைத்து, அதன் சாவிக்கு மாறிவிடுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் அன்றைய கடைசி பிக்கப் வண்டி கிளம்பிய பிறகு செய்யுங்கள். பெரிய விற்பனை நாட்களுக்கு நடுவில் ஒரு தேதி விழுகிறது என்றால் ஒரு மாதம் முன்பே மாற்றிவிடுங்கள்.

சீக்ரெட்டைப் பல போர்ட்டல்கள் ஒரே ஒரு முறைதான் காட்டும். திரையிலிருந்து நேராக வால்ட்டுக்குப் போகட்டும், நடுவில் சாட்டில் ஒட்டவேண்டாம். ஒட்டும்போது கடைசியில் ஒரு வெற்றிடமோ வரிமுறிவோ சேர்ந்துவிடும். கட்டளை வரியில் 'எக்கோ' (கடைசியில் தானே ஒரு வரிமுறிவு சேர்க்கும் கட்டளை) மூலம் சாவியைப் பேஸ்64 குறியீடாக ஆக்குபவர்கள் இதில் மாட்டாமல் இருந்ததே இல்லை, நானும் சேர்த்து. கைரேகையை ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும்.

மாற்றியபின் எல்லாம் நன்றாக ஓடும். லேபிள் வரும், விலை வரும், எல்லோரும் கிளம்பிப் போய்விடுவார்கள். ஆனால் ஓடிக்கொண்டிருப்பது பழைய சீக்ரெட்டால் வாங்கி கேஷில் (தற்காலிகச் சேமிப்பு) கிடக்கும் டோக்கன். சீக்ரெட்டை அழித்தாலும், ஏற்கெனவே வாங்கிய டோக்கன் தன் ஆயுள் முடியும் வரை பெரும்பாலும் செல்லும். ஒரு மணி நேரமோ நான்கு மணி நேரமோ கழித்து அது முடியும்போதுதான், புதுச் சீக்ரெட் தப்பாக ஒட்டப்பட்டது வெளியே வரும். அதற்குள் நீங்கள் படுக்கையில் இருப்பீர்கள். ஆகவே மாற்றியவுடன் டோக்கன் கேஷைக் காலிசெய்து, புது டோக்கன் வாங்க வைத்து, ஒரு லேபிள் போட்டுப் பார்த்த பிறகே எழுந்திருங்கள். தொடங்கும்போது மட்டும் அமைப்புகளைப் படிக்கும் வொர்க்கர்களை மறுதொடக்கம் செய்யவேண்டும். ஐந்து சர்வரில் ஒன்று மட்டும் பழையதோடு நின்றால் ஐந்தில் ஒரு லேபிள் தோற்கும், பிழை வந்துவந்து போகும், தேடுபவருக்குப் பைத்தியம் பிடிக்கும்.

அப்படியும் காலாவதியாகிவிட்டால்

ஆர்டர்களைத் தோல்வி என்று முத்திரை குத்தாமல் வரிசையை நிறுத்தி வையுங்கள். பிரிண்டரைப் பிரிக்க வேண்டாம் என்று கிடங்குக்கு ஒரு வரி அனுப்புங்கள். அவசரப் பார்சல்களை வேறு கேரியருக்குத் திருப்புங்கள். சாவி வந்ததும் மறுபடி அனுப்பும்போது கவனம் தேவை: 401 வாங்கியவற்றுக்கு லேபிள் உருவாகியிருக்காது, தைரியமாக அனுப்பலாம். டைம்அவுட் ஆனவற்றுக்கு அங்கே லேபிள் உருவாகியிருக்கவும் கூடும். உங்கள் ஆர்டர் எண்ணை வைத்துத் தேடிப் பார்க்காமல் அனுப்பினால் ஒரே பார்சலுக்கு இரண்டு முறை பில் வரும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. என் பட்டியலில் 'போலிக் கேரியர்' என்று ஒரு வரி இருக்கிறது. மாதந்தோறும் முதல் தேதி அதன் காலாவதி ஏழு நாளில் இருக்கும்படி மாற்றிவைப்பேன். அன்று போன் அடித்தாக வேண்டும். போன ஆகஸ்டில் அடிக்கவில்லை. தோண்டிப் பார்த்தால், அலர்ட் அனுப்பும் சேவையின் டோக்கன் காலாவதியாகியிருந்தது. இப்போது அது பட்டியலில் இருபத்து நான்காவது வரி.