ஓபஸ் பாக்கெட்டுகளைப் பிசிஎம் ஆக்க

ஓபஸ் என்பது ஒலியைச் சுருக்கும் முறை, பிசிஎம் சுருக்காத வெறும் ஒலி எண்கள். ஓபஸ் ஒலி ஆக் (Ogg) கோப்பாக இருந்தால், ஒலி, வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் (ffmpeg) நிரலே போதும். உள்ளீட்டுக் கோப்பின் பெயருக்குப் பிறகு ‘-f s16le -ar 48000 -ac 2’ (16 பிட், நொடிக்கு 48,000 மாதிரி, 2 சேனல்) கொடுத்து, கடைசியில் வெளியீட்டின் பெயர். முன்னால் போட்டால் அவை உள்ளீட்டுக்கான அமைப்பாகிவிடும். நொடிக்கு 1,92,000 பைட் வர வேண்டும். கோப்பின் அளவை ஒலி ஓடும் நொடிகளால் வகுத்துப் பாருங்கள்.

பிசிஎம்மில் ஹெடர், அதாவது விவரம் சொல்லும் முன்பகுதி, கிடையாது. ஆகவே கேட்கும்போதும் இதே எண்களைச் சொல்லியாக வேண்டும். மோனோவை ஸ்டீரியோ என்று சொன்னால் இரட்டை வேகத்தில் ஓடும். பைட் வரிசை மாறினால் வெறும் இரைச்சல்தான், ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

நெட்வொர்க்கில் பிடித்த வெறும் பாக்கெட்டுகள்தான் தலைவலி. அவற்றை அப்படியே ஒட்டிச் சேர்த்தால் எது எங்கே முடிகிறது என்பதே தெரியாது. முதலில், ஒலியை நெட்வொர்க்கில் அனுப்பும் நெறிமுறையான ஆர்டிபியின் (RTP) ஹெடரை நீக்குங்கள். குறைந்தது 12 பைட், நீட்டிப்பு இருந்தால் அதிகம். பிறகு ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் அதன் நீளத்தை 4 பைட்டில், பெரிய பைட் முதலில் வரும்படி எழுதி, அடுத்த 4 பைட்டில் பூஜ்யம் வையுங்கள். அது ரேஞ்ச் சரிபார்ப்புக்கான இடம், அதாவது சுருக்கியபோதும் விரித்தபோதும் கிடைத்த எண் ஒன்றுதானா என்று ஒப்பிட. பூஜ்யம் என்றால் சோதனை நடக்காது, குப்பை எண் இருந்தால் பிழை காட்டி நின்றுவிடும். இனி ஓபஸின் சோதனை நிரலான ஓபஸ்_டெமோவை (opus_demo) ‘-d 48000 2’ என்று ஓட்டலாம். 20 மில்லிநொடி பாக்கெட் ஒவ்வொன்றும் 3,840 பைட்டாக விரியும்.