சுமையை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள்: இடுப்பைக் காப்பாற்றிக்கொண்டு பாரம் தூக்கும் முறை

நாள் முழுக்க மூட்டை தூக்கியும் ஒன்றும் ஆகாதவர், மறுநாள் காலையில் கீழே விழுந்த துண்டை எடுக்கக் குனிந்து, நிமிர முடியாமல் நின்றுவிடுவார். துண்டுக்கு என்ன எடை இருக்கிறது? இடுப்பைப் பதம் பார்ப்பது எடை மட்டுமல்ல. சுமை உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, எத்தனை முறை குனிகிறோம், எவ்வளவு நேரம் குனிந்தே இருக்கிறோம், தூக்கும்போது திரும்புகிறோமா என்பதெல்லாம் சேர்ந்துதான் பாரத்தை முடிவு செய்கின்றன. இவற்றில் முதல் இடம் தூரத்துக்கு.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 20 கிலோ பெட்டி ஒன்று முதுகெலும்பிலிருந்து 50 செ.மீ. முன்னால் இருக்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய முதுகுத் தசைகளோ எலும்பின் மையத்திலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. பின்னால்தான் இருக்கின்றன. தூரம் பத்து மடங்கு என்பதால் தசை இழுக்க வேண்டிய விசையும் பத்து மடங்கு, அதாவது 200 கிலோ. அந்த இழுப்பு முழுவதும் இடுப்புப் பகுதி முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கை நசுக்குகிறது. அதே பெட்டியை 25 செ.மீ. தூரத்துக்கு இழுத்து அணைத்தால் 100 கிலோ போதும். குனிந்த நிலையில் நம் மேலுடம்பின் எடையும் இதோடு சேரும். வெறுங்கையோடு குனிந்தாலே இடுப்பு வலிக்கிறது என்பவர்கள் பொய் சொல்வதில்லை.

1999-இல் ஜெர்மனியில் ஆரோக்கியமான ஒருவரின் டிஸ்க்குக்குள்ளேயே அழுத்தமானியைச் செருகி அளந்தார்கள். மல்லாந்து படுத்தபோது 0.1 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு), நின்றபோது 0.5. முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கியபோது 2.3, முட்டியை மடக்கித் தூக்கியபோது 1.7. அதே 20 கிலோவை மார்போடு ஒட்டிப் பிடித்து நின்றபோது 1.1, நெஞ்சிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் பிடித்தபோது 1.8. ஒரே மனிதரிடம் எடுத்த அளவுகள்தான், என்றாலும் மேலே போட்ட கணக்கு சொல்வதையே இவையும் சொல்கின்றன.

எவ்வளவு தூக்கலாம்?

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் ஒரு கணக்கு முறை வைத்திருக்கிறது. எல்லாம் சாதகமாக இருந்தால் 23 கிலோ என்பதுதான் அதன் ஆரம்பப் புள்ளி. சாதகம் என்றால்: கணுக்கால்களிலிருந்து கைக்கு 25 செ.மீ.க்குள் சுமை, தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் கை, திரும்பாமல் நேராகத் தூக்குவது, நல்ல பிடிமானம், எப்போதாவது ஒரு தடவை. தூரம் 50 செ.மீ. ஆனால் எடை பாதியாகக் குறையும். கை தரை மட்டத்துக்கு இறங்க வேண்டியிருந்தால் இன்னும் 22 சதவீதம் போகும். இரண்டும் சேர்ந்தால் 9 கிலோவுக்கும் குறைவு. உடம்பை 90 டிகிரி முறுக்கினால் அதிலும் 29 சதவீதம் கழியும். பிடிமானம் சரியில்லை என்றால் 10 சதவீதம், திரும்பத் திரும்பத் தூக்கினால் இன்னும் குறையும்.

20 லிட்டர் தண்ணீர் கேனைக் கணக்கில் வையுங்கள். தண்ணீர் மட்டுமே 20 கிலோ. தரையில் இருக்கும் கேனைக் கால் எட்டாத தூரத்தில் நின்று குனிந்து, எடுத்த வேகத்தில் பக்கவாட்டில் திருப்பினால், மேலே உள்ள அத்தனை தவறும் ஒரே அசைவில் நடந்துவிடுகின்றன. பிரச்சினை கேன் அல்ல. அதை வைத்திருக்கும் இடம். இடுப்பு உயர மேடையில் இருந்தால் அணைத்து எடுத்துக்கொள்ளலாம்.

இது முக்கியமானது என்பதால் அழுத்திச் சொல்கிறோம்: எப்படித் தூக்குவது என்று வகுப்பு எடுப்பதால் மட்டும் தொழிலாளர்களின் முதுகு வலி குறைவதில்லை என்று ஆய்வுத் தொகுப்புகள் காட்டியிருக்கின்றன. முட்டியை மடக்கித் தூக்கு என்று சுவரில் படம் ஒட்டிவிட்டு, 50 கிலோ மூட்டைகளைத் தரையிலேயே அடுக்கி வைத்திருந்தால் பலன் இருக்காது. ஒரு நாளைக்கு இருநூறு தடவை யாராலும் முழுசாக உட்கார்ந்து எழுந்து தூக்க முடியாது; தொடை சோர்ந்ததும் முதுகு வளையத்தான் செய்யும். ஆகவே முதலில் வேலையை மாற்ற வேண்டும். கனமானவற்றை முட்டிக்கு மேலே, மார்புக்குக் கீழே இருக்கும் தட்டுகளில் வையுங்கள். தரையில் அடுக்கித்தான் ஆகவேண்டும் என்றால் அடியில் மேடை போட்டு உயர்த்துங்கள். பெரிய மூட்டையைப் பிரித்து இரண்டாக்குங்கள். டிராலி இருந்தால் அதை எடுத்துவரும் இரண்டு நிமிடத்துக்குச் சோம்பல் படாதீர்கள். தள்ளுவதா இழுப்பதா என்று வந்தால் தள்ளுங்கள்.

தூக்கும் முறை

தொடும் முன்பே எங்கே வைக்கப் போகிறோம், வழியில் படி, ஈரம், மூடிய கதவு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பாரத்தோடு நின்று இடம் தேடும் நேரத்தில்தான் பலருக்குப் பிடித்துக்கொள்கிறது. பிறகு பெட்டியின் ஒரு மூலையை லேசாகச் சாய்த்து எடையைச் சோதியுங்கள். உள்ளே திரவம் பாதி இருந்தால் தூக்கும்போது அலம்பி ஒரு பக்கம் இழுக்கும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

1. பெட்டியை ஒட்டி நில்லுங்கள். பாதங்கள் தோள் அகலம், ஒரு கால் கொஞ்சம் முன்னால்.
2. கதவைப் பிட்டத்தால் தள்ளிச் சாத்துவது போல இடுப்பைப் பின்னால் கொண்டுபோய், முட்டியையும் மடக்கி இறங்குங்கள். மடிய வேண்டியது இடுப்பு மூட்டு. அதற்கு மேலே முதுகு அதன் இயல்பான வளைவிலேயே இருக்கட்டும்.
3. விரல் நுனியால் அல்ல, உள்ளங்கை முழுவதும் படியும்படி பிடியுங்கள். எதிரெதிர் மூலைகளில், ஒரு கை அடியிலும் ஒரு கை மேலேயும் இருந்தால் பெட்டி நழுவாது.
4. யாரோ வயிற்றில் விளையாட்டாகக் குத்த வருகிறார்கள் என்றால் எப்படி இறுக்குவீர்கள், அந்த அளவுக்கு வயிற்றை இறுக்குங்கள்.
5. பெட்டியை முதலில் உங்களை நோக்கி இழுத்து, பிறகு தூக்குங்கள். தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். மூச்சை விட்டபடி எழுவது நல்லது. ரத்த அழுத்தமோ குடலிறக்கமோ உள்ளவர்கள் மூச்சை அடக்கவே கூடாது.
6. திரும்ப வேண்டுமானால் கால்களை எடுத்து வைத்துத் திரும்புங்கள். மூக்கும் தொப்புளும் எப்போதும் ஒரே திசையைப் பார்க்கட்டும்.

அடிக்கடி காணும் தவறு ஐந்தாவது படியில் நடக்கிறது. பிட்டம் முதலில் எழுந்துவிடும், முட்டி நிமிர்ந்துவிடும், பாரமும் மேலுடம்பும் கீழேயே இருக்கும். தூக்குபவர் தான் முட்டி மடக்கித் தூக்குவதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்; முழு எடையும் முதுகில் விழுந்திருக்கும். பக்கவாட்டிலிருந்து யாரையாவது கைபேசியில் படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள், உடனே தெரியும்.

முட்டி மடக்குவது எல்லாச் சுமைக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அகலமான பெட்டி இரண்டு முட்டிகளுக்கு நடுவே நுழையாது. அப்போது ஆழமாக உட்கார்ந்தால் முட்டி முன்னால் வந்து பெட்டியை இன்னும் தள்ளிவிடும். அப்படிப்பட்ட பெட்டியை ஒரு மூலை உங்களைப் பார்க்கும்படி திருப்பி, அந்த மூலையைக் கால்களுக்கு நடுவே கொண்டுவந்து தூக்குங்கள்.

மூட்டைக்கு வேறு முறை. ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, மூட்டையை மற்றத் தொடைமேல் உருட்டி ஏற்றுங்கள். அங்கே நிறுத்தி, இரண்டு கையாலும் அடியில் பிடித்து மார்போடு அணைத்து, முன்காலை ஊன்றி எழுங்கள். தரையிலிருந்து நேராகத் தூக்கும் தூரம் பாதியாகிவிடுகிறது.

வாளி என்றால் ஒரு கையில் நிறைவாளிக்குப் பதில் இரண்டு கையிலும் அரைவாளி. காரின் பின்பெட்டியில் இருந்து எடுக்கும்போது சாமானை முதலில் விளிம்புவரை இழுத்து வாருங்கள். நெடுநேரம் வண்டி ஓட்டிவிட்டு இறங்கினால் ஐந்து நிமிடம் நடந்த பிறகே சாமானைத் தொடுங்கள்; உட்கார்ந்தே இருந்ததில் முதுகின் தசைநார்கள் நெகிழ்ந்திருக்கும், உடனே பாரத்தைத் தாங்காது. பேனா போன்ற லேசான பொருளுக்கு மேசையில் ஒரு கையை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி எடுக்கலாம்.

இரண்டு பேர் சேர்ந்தால் இரண்டு பேரின் பலமும் முழுதாகக் கிடைக்காது. ஆளுக்கு 24 கிலோ தூக்கக்கூடிய இருவர் சேர்ந்தால் 48 அல்ல, அதில் மூன்றில் இரண்டு பங்கான 32 கிலோ என்று வையுங்கள். ஒருவர் மட்டும் ஒன்று, இரண்டு சொல்ல வேண்டும்; இறக்கும்போதும் அதே.

இறக்குவதும் தூக்குவதுதான், தலைகீழாக. வைத்தாகிவிட்டது என்ற நிம்மதியில் கடைசிச் சாணில் முதுகை விட்டுவிடுகிறார்கள். விளிம்பை முதலில் பதித்து, விரலை எடுத்து, பிறகு உள்ளே தள்ளுங்கள்.

இடுப்பு பெல்ட்டை நம்பி அதிக எடை தூக்காதீர்கள். நல்ல உடம்போடு வேலை செய்பவர்களுக்கு அது காயத்தைத் தடுக்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நியாஷ் 1994-லேயே சொல்லிவிட்டது.

ஏற்கெனவே வலி இருப்பவர்களுக்கு

முதலில், காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, மலம் கட்டுப்படாமை, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, இரண்டு கால்களும் பலம் இழப்பது அல்லது ஒரு கால் நாளுக்கு நாள் பலவீனமாவது: இவற்றில் எது வந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தாமதித்தால் நரம்பு பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம். காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, புற்றுநோய் வந்திருந்தவருக்குப் புதிதாக வலி, விழுந்த பிறகு வந்த வலி, பல மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்கு வந்த வலி ஆகியவற்றையும் வீட்டில் வைத்துப் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்றபடி திடீரென்று பிடித்துக்கொண்ட இடுப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். படுத்தே கிடப்பது அதைத் தாமதமாக்கும். வலி உச்சத்தில் இருக்கும் முதல் நாளில் தரையில் மல்லாந்து, கெண்டைக்கால்களை நாற்காலி மேல் வைத்து பத்து, பதினைந்து நிமிடம் இருங்கள். எழுந்து வீட்டுக்குள்ளேயே சில நிமிடம் நடங்கள். இப்படி மாற்றி மாற்றிச் செய்யுங்கள். வெந்நீர்ப் பை 15–20 நிமிடம் வைக்கலாம், தோலுக்கு நடுவே துணி இருக்கட்டும். இபுப்ரூஃபென் வகை மாத்திரைகள் குறைந்த அளவில், சில நாட்களுக்கு மட்டும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ரத்த அழுத்தம் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியாமல் இருங்கள். இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அதனால்தான் காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் உயரமாக இருக்கிறோம். உப்பிய டிஸ்க்கை அந்நேரத்தில் வளைத்தால் அழுத்தம் பல மடங்காகிறது. காலுறையைப் படுத்தபடி முட்டியை மார்புக்குக் கொண்டுவந்தும் போட வேண்டாம், அதுவும் குனிவதுதான். காலைக் குறுக்காக மற்றத் தொடைமேல் வைத்துப் போடுங்கள். படுக்கையை விட்டு எழும்போது ஒருக்களித்து, முட்டியை மடக்கி, கால்களைக் கீழே விட்டபடி கையால் தள்ளி எழுங்கள். தும்மல் வந்தால் மேசையையோ சுவரையோ ஒரு கையால் பிடித்து முட்டியைத் தளர்த்துங்கள்.

ஸ்கேன் அறிக்கையைப் பார்த்துப் பயந்து வேலையை விட்டவர்கள் பலர். டிஸ்க் தேய்மானம் என்ற வரி அதில் இருக்கும். எந்த வலியும் இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015 ஆய்வில், 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் தேய்மானம் இருந்தது. அறிக்கை உங்கள் வலியோடும் மருத்துவரின் பரிசோதனையோடும் பொருந்தினால்தான் அதற்கு அர்த்தம்.

வலி அடங்கத் தொடங்கியதும் உடற்பயிற்சி. நடைதான் முதல் மருந்து: பத்து நிமிடத்தில் தொடங்கி முப்பதுக்குக் கொண்டுபோங்கள். அடுத்து, கையையும் முட்டியையும் ஊன்றி நாலு காலில் நின்று, வலக் கையையும் இடக் காலையும் நீட்டி 8–10 விநாடி. பிறகு பக்கம் மாற்றி. முதலில் பக்கத்துக்கு நாலைந்து தடவை போதும். நீட்டும்போது இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் காலை அவ்வளவு உயர்த்தாதீர்கள். மூன்றாவது, ஒரு கம்பை முதுகோடு சேர்த்துப் பிடித்து இடுப்பிலிருந்து மடங்கிப் பழகுவது. பின்தலை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு என்ற மூன்று இடமும் கம்பைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று விலகினால் அந்த ஆழத்தோடு நிறுத்துங்கள். இப்போதைக்கு உங்கள் எல்லை அதுதான்.

மீண்டும் பாரம் தூக்க ஆரம்பிக்கும்போது இடுப்பு உயரத்திலிருந்து 5 கிலோவை எடுத்து வைப்பதில் தொடங்குங்கள். அது இரண்டு மூன்று நாள் சிரமமில்லாமல் போனால் அதே எடையை முட்டி உயரத்திலிருந்து எடுங்கள். எடையைக் கூட்டுவது அதற்குப் பிறகு. உயரத்தையும் எடையையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். செய்யும்போது லேசாக வலித்து மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்தால் தொடரலாம். வலி காலில் இருந்து மேலேறி இடுப்பில் மட்டும் நின்றால், இடுப்பில் கொஞ்சம் கூடியதாகத் தெரிந்தாலும் அது தேறுவதன் அறிகுறி. இடுப்பில் இருந்த வலி பிட்டம், தொடை, கெண்டைக்கால் என்று கீழே இறங்கினால் அந்த எடையை அன்றே நிறுத்தி, பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள்.